கிருஷ்ணகிரி என்று அடித்துப் பாருங்கள்

வேர்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, கிருஷ்ணகிரி என்று அடித்து, எழுத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கி, ரி இரண்டுக்கும் தலைக்கு மேல் வளைவு. ரு-வுக்குக் காலடியில் ஒரு வால். தருமபுரி என்று அடித்தாலும் அதே கதைதான். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். நான் இங்கே தருமபுரியில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தை மறந்ததால் கெட்டவை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் மனுக்களையே எடுத்துக்கொள்வோம். 'பொருள்' என்று தொடங்கும் வரிக்கு அடிக்கோடு போடுவது பழக்கம். கோடு நேராக ரு-வின் வாலை அறுத்துக்கொண்டு போகும். பு, கு, ழு எல்லாவற்றுக்கும் இதே கதி. அந்த வரியை போல்டு ஆக்கினால் போதும், கோடு வேண்டாம்.

மனு ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து 12 கொடுத்துவிடுகிறார்கள். எழுத்து 14 அளவில் இருந்தால் கி-யின் வளைவு வெட்டுப்பட்டு க போலத் தெரியும். பட்டா எண்ணும் ஊர்ப் பெயரும் இருக்கிற தாளில் இது சின்ன விஷயம் இல்லை. 'மல்டிபிள்' தேர்ந்தெடுத்து 1.15 வையுங்கள். இடம் போதாவிட்டால் ஓர மார்ஜினைக் குறையுங்கள்.

சாய்வெழுத்து தமிழுக்கு இயல்பானதே இல்லை. லதா, விஜயா, நிர்மலா போன்ற எழுத்துருக்களுக்கு போல்டு தனியாக வரையப்பட்டிருக்கிறது, சாய்வு இல்லை. ஐட்டாலிக் அழுத்தினால் மென்பொருள் எழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது, அவ்வளவுதான். நூல் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

தலைப்பு அகலமாகத் தெரிய வேண்டும் என்று எழுத்துக்கு எழுத்து ஸ்பேஸ் தட்டுவதும் வேண்டாம். பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. கி-யில் க-வுக்கும் அதன் மேல் கொக்கிக்கும் நடுவே ஸ்பேஸ் விழுந்தால், கொக்கி தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு எழுத்துருவை மாற்றுவதில் நடக்கிறது. போன மாதம் பென்னாகரத்துப் பக்கமிருந்து ஒருவர் பென்டிரைவோடு வந்தார். "ஊட்டுல அடிக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சுண்ணா, இப்ப எல்லாம் இங்கிலீசா வருது" என்றார். மூன்று பக்கக் கிரயப் பத்திர வரைவு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அழகாக இருக்கட்டும் என்று முழுதும் தேர்ந்தெடுத்து லதாவுக்கு மாற்றியிருக்கிறார்.

பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்துவது பாமினி. போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பது தெரியும். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் அ என்றால் உள்ளேயும் அ-தான், அதனால் லதாவிலிருந்து நிர்மலாவுக்கு எத்தனை முறை மாற்றினாலும் அ அ-வாகவே இருக்கும். 2010இல் தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் புதுக் கோப்பைத் தொடங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பென்னாகரத்துக்காரரின் கோப்பில் ஒன்றும் அழியவில்லை. மறுபடி பாமினிக்கு மாற்றினேன், தமிழ் திரும்பியது. அப்புறம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கினோம். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பில் உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் முகவரியையும் கன்வெர்ட்டர் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினோம். அரை மணி நேரம் ஆனது.

யூனிகோடில் அடித்தும் அளவு மாறவில்லை என்று சிலர் வருவார்கள். வேர்டின் ஃபான்ட் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஓரிடம், 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னோரிடம் உண்டு. தமிழ் இரண்டாவதில் அடங்கும். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸில் அதையே 'சிடிஎல்' என்பார்கள். மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது.

வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியது பல நிறத்திலும் அளவிலும் வந்தால் ஒவ்வொரு வரியாகச் சரிசெய்ய உட்காராதீர்கள். தேர்ந்தெடுத்து கண்ட்ரோலோடு ஸ்பேஸ் அழுத்துங்கள், போட்ட ஒப்பனை எல்லாம் கழன்றுவிடும். ஒட்டும்போதே 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' கொடுத்தால் இந்த வேலையே இல்லை.

அச்சடிக்க எங்கே போனாலும் பிடிஎஃப் ஒன்று, வேர்டு கோப்பு ஒன்று, இரண்டும் பென்டிரைவில் இருக்கட்டும். பிடிஎஃப்பில் எழுத்துரு கூடவே வரும், எந்தக் கடையில் திறந்தாலும் கி கி-யாகவே இருக்கும். சர்வே எண்ணில் ஒரு திருத்தம் என்றால் அதற்கு வேர்டு கோப்பு.