9.9 என்று மட்டும் கேட்டு இன்ஜின் வாங்காதீர்கள்

படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "9.9 என்ன விலை?" 9.9 என்பது குதிரைத்திறன். கடைக்காரர் விலையைச் சொல்வார், பேரம் நடக்கும், டெம்போவில் ஏறும். கரைக்குக் கொண்டுவந்து மாட்டி இரண்டு நாள் கடலுக்குப் போன பிறகுதான், இது நம் படகுக்கான இன்ஜின் இல்லை என்று தெரியவரும். இத்தனைக்கும் இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது.

தமிழகக் கரைகளில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் சுற்றும் லாங் டெயில் டீசலிலோ, மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக்கிலோ கை பழகியவர்கள். அதே பழக்கத்தோடு பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கப் போகும்போதுதான் கை சுடுகிறது.

முதல் தவறு, படகை அளக்காமல் கடைக்குப் போவது. இன்ஜின் உட்காரும் பின்பலகையின் மேல் விளிம்பில், நடுவில் டேப்பை வைத்துப் படகின் அடிமட்டம் வரை நேராக அளந்து பாருங்கள். ஷாஃப்ட் என்பது இன்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்கு இறங்கும் தண்டு. 15 அங்குலம் வந்தால் ஷார்ட் ஷாஃப்ட், 20 என்றால் லாங், 25 என்றால் எக்ஸ்ட்ரா லாங். தனியாகச் சட்டம் அடித்து அதில் மாட்டுவதாக இருந்தால் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். மாட்டி முடித்ததும் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும்.

இது தப்பினால் என்ன ஆகும்? ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கரையோரம் அலை உடையும் அலைவாயைத் தாண்டும்போது அணியம் (படகின் முன்பக்கம்) இறங்கிப் பின்பக்கம் தூக்கும் பாருங்கள், அப்போது புரொப்பெல்லர் காற்றைக் குடிக்கும். இன்ஜின் 'வீர்' என்று அலறும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும், அடுத்த அலை வந்துகொண்டிருக்கும். இழுவை எங்கே கட்டாயம் வேண்டுமோ அங்கேதான் கைவிடும். ஷாஃப்ட் தேவைக்கு மேல் நீளமாக இருந்தாலும் சிக்கல்தான். வேகம் குறையும், கரையேற்றும்போது மணலில் இடிக்கும். மணல் கரையில் ஏற்றி இறக்குகிறவர்கள் கடையிலேயே இன்ஜினைச் சாய்த்துத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். லாங் டெயிலை அமுக்கித் தூக்குவதுபோல இது சட்டென்று வராது.

சரி, குதிரைத்திறனுக்கு வருவோம். 9.9 என்ற ஸ்டிக்கருக்குள் என்னென்னவோ இருக்கும். யமஹாவின் எஃப் 9.9 சுமார் 212 சிசி. சுசுகியின் டிஎஃப் 9.9பி 327 சிசி, அந்த நிறுவனத்தின் 15, 20 குதிரைத்திறன் இன்ஜின்களின் அதே சிசிதான். இரண்டும் 40 கிலோவை ஒட்டிய எடை. யமஹாவிலேயே டி 9.9 என்று இன்னொன்று உண்டு. அதே சிசி, ஆனால் கியர் விகிதம் (புரொப்பெல்லர் ஒருமுறை சுற்ற இன்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 2.08க்குப் பதில் 2.92. புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும், ஆனால் அகலமானது, தண்ணீரைப் பிடித்துத் தள்ளும். வலையும் ஐஸும் நான்கைந்து ஆளும் ஏறும் படகுக்கு இந்த ரகம்தான் பொருத்தம். வேகமாக ஓடும் லேசான படகுக்கு அது வீண். எந்த கம்பெனியாக இருந்தாலும் சிசி, கியர் விகிதம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் பெரிசா போட்டா சீக்கிரம் போகலாம்ல?" என்பது எல்லாரும் கேட்பது. எல்லாப் படகுக்கும் அது நடக்காது. தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகின் வேகத்தை அதன் நீளமே கட்டிப்போடும். நீர்க்கோட்டில் 25 அடி நீளம் என்றால் ஏறக்குறைய 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். ஒல்லியான படகு இதைக் கொஞ்சம் தாண்டும். அடிப்பாகம் தட்டையாக, தண்ணீர் மேல் எழும்பி ஓடும் படகுக்குத்தான் கூடுதல் குதிரைத்திறன் வேகமாக மாறும். மற்ற படகில் பின்னால் பெரிய அலையும் பெட்ரோல் செலவும்தான் மிச்சம்.

என்னைக் கேட்டால், எல்லாரும் கோட்டைவிடுவது புரொப்பெல்லரில்தான். பெட்டியோடு வருவதை அப்படியே மாட்டிவிடுகிறோம். முழுச் சுமையோடு த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் தொடுகிறது என்று மெக்கானிக்கை விட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு அது 5000 முதல் 6000க்குள் இருக்க வேண்டும். சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும். 4300லேயே முக்கி நின்றால் பிட்ச், அதாவது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், அதிகம். மூன்றாவது கியரில் மேடேறும் பைக் மாதிரி இன்ஜின் திணறிக்கொண்டே ஓடுகிறது, நாளடைவில் உள்ளே கரி பிடிக்கும். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும். இன்ஜின் விலையோடு ஒப்பிட்டால் புரொப்பெல்லர் மாற்றுவது சின்னச் செலவு.

எரிபொருளுக்கு வருவோம். மானிய மண்ணெண்ணெயைக் கணக்கில் வைத்து பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்காதீர்கள். அதில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டக் கூடாது. டூ ஸ்ட்ரோக் பழக்கத்தில் பெட்ரோலில் 2டி ஆயில் ஊற்றவும் வேண்டாம், இதற்கு ஆயில் தனியாகக் கீழே இருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆனால் சிறிய அவுட்போர்டுகள் பலவற்றின் மேனுவல் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. வாங்கும் முன்பே இதைக் கடைக்காரரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதிகமாக இழுத்தால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அதனால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. கார்புரேட்டர் வைத்த இன்ஜின் என்றால், சில வாரம் தொழிலுக்குப் போகாமல் நிறுத்தும் முன் அதிலிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ஆயிலில் மிச்சம் பிடிக்க நினைத்து பைக் ஆயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவுட்போர்டு மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுவது, உப்பு ஈரத்திலேயே கிடப்பது. எஃப்சி-டபிள்யூ (FC-W, ஃபோர் ஸ்ட்ரோக் படகு இன்ஜின் ஆயிலுக்கான தரக்குறி) என்று டப்பாவில் அச்சிட்ட ஆயிலைக் கேட்டு வாங்குங்கள். முதல் மாற்றம் பொதுவாக 20 மணி நேரத்தில், அப்புறம் 100 மணிக்கு ஒருமுறை. ஜிபிஎஸ், வயர்லெஸ் வைப்பதாக இருந்தால் பேட்டரி சார்ஜ் ஆகும் வசதி அந்த மாடலில் உண்டா என்று கேளுங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடல்கள் பலவற்றில் இருக்காது.

கடைசியாக, கடையிலிருந்து கிளம்பும் நேரம். டூ ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் போட்டும் கொண்டுவந்திருப்போம். இதை அப்படிப் போட்டால் கீழே இருக்கும் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நிமிர்த்திக் கட்டிக் கொண்டுவருவது உத்தமம். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் என்று மேனுவலிலும், பெரும்பாலும் இன்ஜின் மேலேயே ஸ்டிக்கராகவும் போட்டிருப்பார்கள். டெம்போ டிரைவரிடம் அந்த ஸ்டிக்கரைக் காட்டிவிட்டு ஏற்றுங்கள்.