‘சிறியதாக இருந்தால் போதும்’: முதல் டாட்டூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் டாட்டூவுக்காக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அதன் அர்த்தத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்திருப்பார்கள். ஏன் அந்தப் பறவை, ஏன் அந்த வரி, ஏன் அந்தத் தேதி என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். எவ்வளவு பெரியது, உடம்பில் எந்த இடம், கோடு எவ்வளவு தடிமன் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். “நீங்களே பார்த்துச் செய்யுங்கள். சிறியதாக இருந்தால் போதும்.” என் முதல் டாட்டூவை நானும் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டேன். அதனாலோ என்னவோ, இந்தப் பதில் காதில் விழுந்ததும் சுருக்கென்று எரிச்சல் வருகிறது.

காதலரின் பெயரைக் குத்திக்கொள்ளாதீர்கள், குடித்துவிட்டு வராதீர்கள், ஊசி புதியதா என்று பாருங்கள் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். அதை மறுபடி எழுதப் போவதில்லை. தெரிந்தே செய்பவர்களை யாரும் தடுக்கவும் முடியாது. எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு நிதானமாக வருபவர்கள் செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

சிறியதாகப் போட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது

இதற்குக் காரணம் பயம். வலிக்குமோ, பிற்பாடு பிடிக்காமல் போய்விடுமோ, பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று போட்டுக்கொண்டால், தப்பாகப் போனாலும் நஷ்டம் நகத்தளவுதானே என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு பிறை, ஒரு முக்கோணம், ஒற்றை எழுத்து என்றால் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் கேட்பது அதுவல்ல. இரண்டு மலை, நடுவில் சூரியன், அடிவாரத்தில் ஆறு, ஆற்றில் படகு, படகில் இரண்டு பேர், எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தின் ஓரமாக ஒரு வாசகம். இத்தனையும் நகத்துக்குள் வேண்டும்.

செய்ய முடியாதா என்றால், முடியும். தொல்லையே அதுதான். மெல்லிய ஊசியும் நடுங்காத கையும் இருந்தால் அன்றைக்கு அற்புதமாகவே வரும். படம் எடுத்துப் போட்டால் பார்த்தவர்கள் வாய் பிளப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அடுத்தவர் அதே அளவைக் கேட்டு வருவார்.

தோலுக்குள் நடப்பது வேறு. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடும்; அங்கே மை தங்காது. அதனால் அதற்கும் கீழே, சுமார் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உள்தோலில் மையை இறக்குகிறோம். உடம்புக்கு அது வேண்டாத அந்நியப் பொருள். மேக்ரோஃபேஜ் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் இறக்கும்போது வெளியே வரும் மையைப் புதிதாக வரும் செல்கள் விழுங்கிக்கொள்கின்றன என்பதை 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். டாட்டூ அழியாமல் நிற்பது இப்படிக் கைமாறிக் கைமாறித்தான். கொஞ்சம் மை நிணநீர் வழியாக வெளியேறியும் விடுகிறது. இத்தனை நடமாட்டம் இருக்கும் இடத்தில், மயிரிழை போல் இட்ட கோடு மயிரிழையாகவே இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஈரத்தாளில் இழுத்த பேனாக் கோடு மாதிரி ஓரம் மெல்லக் கசிந்து தடிக்கும். எவ்வளவு என்பது தோலையும் இடத்தையும் குத்தியவரின் கையையும் பொறுத்தது. நான் வரையும்போது கோடு இரு மடங்காகும் என்று வைத்துக்கொண்டே வரைகிறேன்.

கோடு தடிப்பதால் மட்டும் படம் கெடுவதில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவே விட்ட வெறும் தோல்தான் படத்தைப் படமாகக் காட்டுகிறது. அந்த இடைவெளி மூடிக்கொண்டால் படகும் ஆளும் ஒரே கறையாகிவிடும்.

தமிழ் எழுத்துகளில் இது இன்னும் மோசம். நம் எழுத்தில் பாதி சுழிதான். ஒருவர் தன் தந்தை எழுதிய கடிதத்திலிருந்து நான்கு வரிகளை அதே கையெழுத்தில் மணிக்கட்டின் உட்புறம் போட வேண்டும் என்று வந்தார். ஒரே ஒரு வரியை எடுத்து முன்கையில் நீளவாக்கில் போடலாம், எழுத்து கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும் என்றேன். அவருக்கு நான்கு வரியும் வேண்டும். கைக்கடிகாரப் பட்டைக்குள் மறையவும் வேண்டும். நான் மறுத்துவிட்டேன். வேறொருவர் செய்து கொடுத்தார். ‘முடியாது என்றீர்களே’ என்று படமும் அனுப்பி வைத்தார். படத்தில் நன்றாகத்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து அதே மணிக்கட்டோடு வந்தார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ‘ண’வின் சுழிகள் அடைந்துபோய் ‘ன’வா ‘ண’வா என்று தெரியவில்லை. ‘க்’ மேலிருந்த புள்ளி தலைக்கோட்டோடு ஒட்டி அங்கே ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. ‘ழ’வின் வால் அடுத்த வரியின் கொக்கியோடு கலந்திருந்தது. அவர் மட்டும் தடையில்லாமல் படித்தார், மனப்பாடமாயிற்றே. எனக்கு மங்கலான நான்கு சாம்பல் பட்டைகள்தான் தெரிந்தன.

இந்த இடத்தில்தான் நகத்தளவு நஷ்டம் என்ற கணக்கு உடைகிறது. பழையதை மறைத்து மேலே புதியது போட வேண்டுமானால், புதியது பழையதைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரியதாகவும், அதைவிடக் கருப்பாகவும் இருக்க வேண்டும். மையின் மேல் மை போட்டால் வெளிர் நிறம் எதுவும் பழைய கருப்பை மறைக்காது. பெரியதற்குப் பயந்து சிறியதைப் போட்டவர், கடைசியில் தான் தேர்ந்தெடுக்காத ஒரு பெரிய கருப்புப் பூவைச் சுமக்கிறார். லேசர் என்றால் ஒரே நாளில் முடியாது. லேசர் மையைப் பொடியாக்கும். பொடியை உடம்புதான் மெதுவாக அப்புறப்படுத்த வேண்டும். அதனால் ஒவ்வொரு அமர்வுக்கும் நடுவே பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். கருநிறத் தோலில் தோலின் இயற்கை நிறமே வெளுத்துவிடும் அபாயம் இருப்பதால் பொதுவாக 1064 நானோமீட்டர் அலைநீள லேசரைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்னிடம் வந்தவர் சில அமர்வுகள் எடுத்து அதை வெளிறச் செய்தார். பிறகு, நல்லவேளையாக அந்தக் கடிதம் பத்திரமாக இருந்ததால், ஒரே வரியை மேற்கையில் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டார். ஒரு டாட்டூவுக்கு மூன்று முறை செலவு, மூன்று முறை வலி.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் ‘செய்து தருகிறேன்’ என்று தலையாட்டும் என் தொழில்காரர்கள் மேல்தான். குத்தி முடித்த பத்தாவது நிமிடத்தில் எடுத்த படங்களை மட்டும் வரிசையாகக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஆறிய பிறகு எடுத்த படத்தை. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து எடுத்தது இருந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒன்றுகூட இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. டிசைனை நீங்கள் நினைத்திருக்கும் அதே அளவில் அச்செடுங்கள். அதில் உள்ள கோட்டைப் போல இரு மடங்கு தடிமனான பேனாவால் எல்லாக் கோட்டின் மேலும் ஒருமுறை எழுதுங்கள். பிறகு சுவரில் ஒட்டி, கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பாருங்கள். சுழிகள் திறந்திருக்கின்றனவா, புள்ளி தனியாகத் தெரிகிறதா, படகு படகாக இருக்கிறதா? இல்லையென்றால் பெரியதாக்குங்கள், அல்லது பாதியை நீக்குங்கள். பெரும்பாலும் நீக்குவதுதான் நல்லது. இரண்டு மலை போதும். ஆறும் படகும் உங்கள் மனதில் இருக்கட்டும்.

கையை நீட்டிவைத்தபடி இடத்தை முடிவு செய்வது

மேசை மேல் முன்கையை மல்லாக்க நீட்டி, அதில் ஸ்டென்சிலை, அதாவது குத்துவதற்கு முன் தோலில் பதிக்கும் டிசைன் அச்சை, நேராக ஒட்டிப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அந்த நேர்க்கோடு முறுக்கிக்கொள்கிறது. உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கையின் தோலும் சேர்ந்து திரும்பும். மணிக்கட்டுப் பக்கம் அதிகமாக, முழங்கைப் பக்கம் குறைவாக. கையைச் சுற்றி வரும் பட்டை, நீளமான வாசகம், அம்பு இவற்றில் இது பளிச்சென்று தெரியும். முழங்கை மடிப்பில் போட்ட வட்டம் கையை மடக்கினால் முட்டையாகும். எழுந்து நின்று, கையை இயல்பாகத் தொங்கவிட்டு, கண்ணாடி முன் முடிவு செய்யுங்கள். இருபுறமும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய உருவங்களை முடிந்தால் முன்கையின் தட்டையான பகுதியில் வையுங்கள்.

எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதையும் பலர் கேட்பதில்லை. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பது தொழிலில் உள்ள வழக்கம். உங்களுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்றால் மற்றவர்களுக்குத் தலைகீழாக இருக்கும். உடம்பு உங்களுடையது, விருப்பமும் உங்களுடையது. ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

கருநிறத் தோலில் வெள்ளை, வெளிர் மஞ்சள்

மை இருப்பது கீழே; தோலுக்கு நிறம் தரும் மெலனின் இருப்பது அதற்கு மேலே. எனவே எந்த மையையும் உங்கள் தோலின் நிறத்தின் ஊடாகத்தான் பார்க்கிறீர்கள். கருப்பு கம்பீரமாக நிற்கும், அடர் சிவப்பும் பரவாயில்லை. வெள்ளை சில காலத்தில் மங்கிய தழும்பு போல ஆகிவிடும். பிறகு லேசரில் அழிக்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள்: டைட்டானியம் டையாக்சைடு கலந்த வெள்ளை மை லேசர் பட்டால் கருத்துப்போவதுண்டு.

விரலின் பக்கவாட்டில், உள்ளங்கையில்

ஒன்று அழியும், இல்லை பரவும். முதல் டாட்டூவுக்கு வேண்டாம்.

கணினியில் தமிழ் தானாகச் சரியாக வரும் என்று நம்புவது

தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத வரைகலை மென்பொருளில் வாசகத்தை ஒட்டினால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதில் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ போன்ற எழுத்துகள் துண்டு துண்டாகப் பிரியும். சில நேரம் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் நடுவில் முளைக்கும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் அந்த வட்டத்தையும் சிரத்தையாகக் குத்திவிடுவார். அவர் கண்ணுக்கு அது அலங்காரம். வாசகத்தைப் படமாகக் கொண்டுபோங்கள். ஸ்டென்சில் ஒட்டிய பிறகு, வாசகத்தை முன்பின் பார்த்திராத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் தவறைத் தாண்டிப் போய்விடும்.

ஒத்திகைக்குக் ‘கருப்பு மருதாணி’

சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்ல யோசனை. அதற்குப் பேனாவோ ஒட்டு டாட்டூவோ போதும். கருப்பு மருதாணி என்று விற்பதில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். தோல் கொப்பளித்துத் தழும்பாகலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிற்காலத்தில் தலைச்சாயம்கூடப் போட முடியாமல் போகலாம். ஒத்திகை நிஜத்தைவிட மோசமாக முடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேண்டாம் என்று தோன்றியும் உட்காருவது

அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், நண்பர்களிடம் சொல்லிவிட்டோம், அவர் இவ்வளவு நேரம் வரைந்துவிட்டார் என்ற கூச்சத்தில் உட்காருபவர்கள் நிறைய. முகத்திலேயே தெரிந்துவிடும், நாற்காலியில் சாய்ந்த பிறகும் கதவைப் பார்ப்பார்கள். அட்வான்ஸ் போனால் போகட்டும். தள்ளிப்போட்டதற்காக வருத்தப்பட்டு என்னிடம் யாரும் வந்ததில்லை.

உடம்பே வேண்டாம் என்று சொல்லும் நிலையும் உண்டு. காயம் ஆறும்போது தழும்பு புடைத்து வளரும் வாகு இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், சொரியாசிஸ் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சொரியாசிஸ் காயம்பட்ட இடத்திலேயே புதிதாகத் தலைகாட்டக்கூடியது, டாட்டூவும் காயம்தான். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுங்கள். மைகளில் அதிகமாக ஒவ்வாமை தருவது சிவப்பு என்பதால், தோல் எளிதில் அரிக்கும் வாகு உள்ளவர்கள் கருப்போடு நிறுத்திக்கொள்வது மேல். தவறாமல் ரத்த தானம் செய்பவர் என்றால் இன்னொன்று: டாட்டூவுக்குப் பிறகு சில மாதங்கள் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், விதி நாட்டுக்கு நாடு மாறும்.

மச்சத்தின் மேல்

கூடாது. அது நிறமோ வடிவமோ மாறினால் மருத்துவர் கண்ணில் பட வேண்டும்.

ஸ்டென்சில் பிடிக்காமலும் சும்மா இருப்பது

ஸ்டென்சில் ஊதா நிறச் சாயம், அவ்வளவுதான். ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும். இரண்டு விரல் மேலே, கொஞ்சம் இடது பக்கம், இன்னும் சற்றுப் பெரியதாக என்று எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றச் சொல்லலாம். மூன்றாவது முறை கேட்கும்போது கலைஞர் முகம் சுளித்தால், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்புங்கள்.