சிபில் பார்ப்பதால் யாருக்கு லாபம்? டெல்டா குடும்பங்களுக்கு ஒரு கையேடு

சிபில் ஸ்கோர் என்பது நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மதிப்பெண். போனில் ‘உங்கள் சிபில் ஸ்கோர் இலவசம்’ என்று வருவதைத் தட்டிப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. நம் கணக்கை நாமே பார்ப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பார்த்ததால் ஆதாயம் உண்டா என்றால், அந்த எண்ணால் பெரிதாக ஒன்றும் இல்லை. 300-லிருந்து 900-க்குள் ஏதோ ஓர் எண். போன வாரம் 742, இந்த வாரம் 738 என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முழு அறிக்கைதான் வேலைக்கு ஆகும். யாரிடம் என்ன கடன், எப்போது வாங்கியது, எத்தனை நாள் தவறியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இலவசமாகக் காட்டும் செயலிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் ஒப்புதல் கட்டத்தைத் தட்டியதும் உங்கள் கடன் விவரம் அதன் கைக்குப் போகிறது. எந்தத் தவணை எப்போது முடிகிறது, எந்தக் கார்டில் நிலுவை நிற்கிறது என்று தெரிந்தபின் ‘உங்களுக்கு 3 லட்சம் தயார்’ என்று செய்தி வரும். அந்தக் கடனை நீங்கள் எடுத்தால், கொடுக்கும் நிறுவனம் செயலிக்குக் கமிஷன் தரும். ஸ்கோர் எண் அங்கே தூண்டில் புழு. ‘தகுதியைப் பார்க்க’ என்ற பொத்தானை அழுத்தி விண்ணப்பம் வரை போய்விட்டால், கடன் கொடுப்பவர் உங்கள் அறிக்கையை எடுப்பார். அது ‘என்கொயரி’ என்று பதிவாகும். ஒரே மாதத்தில் அப்படி நாலைந்து பதிவு விழுந்தால் ஸ்கோர் இறங்கும்; பணத்துக்கு அலைகிறவர் என்று வங்கியும் நினைக்கும்.

நம் கடன் விவரங்களைத் திரட்டி இந்த அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு இரண்டு வழியில் வருமானம். வங்கிகள் அறிக்கை எடுக்கும்போது கட்டணம் தருகின்றன. நம்மிடம் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா விற்கிறார்கள். மாதம் ஒரு கடன் வாங்காத குடும்பத்துக்குச் சந்தா தண்டம்.

எப்போது எடுப்பது

ஊரில் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்று சொன்னாலும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ரிசர்வ் வங்கி விதிப்படி 2017 முதல் ஒவ்வொன்றும் ஜனவரி முதல் டிசம்பருக்குள் ஒரு முழு அறிக்கையை ஸ்கோருடன் இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்க்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணிப்பு இருக்கும், செலவும் இல்லை.

முதலாவதை மாசியில் எடுங்கள். சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறியிருக்கும். நிலுவை ஏதும் தென்பட்டால் கட்ட வழி இருக்கும். பிழையைத் திருத்த 30 நாள் ஆகும். மாசியில் ஆரம்பித்தால் ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவைக்குப் பணம் தேடும் நேரத்துக்கும், பிள்ளையின் கல்விக் கடனுக்கு நிற்கும் நேரத்துக்கும் அறிக்கை சுத்தமாக இருக்கும். கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதால் அப்பாவின் பழைய டிராக்டர் நிலுவை அங்கே வந்து நிற்கும். கடைசி நேரத்தில் தெரிந்தால் அட்மிஷன் தேதி போய்விடும்.

குழுக் கடன் வாங்கும் பெண்கள் கிரிஃப் ஹைமார்க் அறிக்கையை முதலில் எடுப்பது நல்லது. நுண்கடன் விவரங்களில் பழகிய நிறுவனம் அது. சிபிலில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பவருக்கு அங்கே மூன்று குழுக் கடன் தெரியலாம்.

எடுக்கும் முறை

நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் இலவச ஆண்டு அறிக்கைக்கான இணைப்பைத் தேடுங்கள். சந்தாவுக்கான பெரிய பொத்தான்தான் முதலில் கண்ணில் படும். இலவச இணைப்பைச் சின்னதாக வைத்திருப்பார்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண், பின்கோடு, மொபைல் எண் கொடுத்து ஓடிபி போட வேண்டும். நீங்கள்தான் என்று உறுதி செய்யப் பழைய கடன் பற்றிக் கேள்வி கேட்டால், பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். பணம் கட்டும் பக்கம் வந்தால் தப்பான வழியில் போயிருக்கிறீர்கள், திரும்பி வாருங்கள்.

இங்கே சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். ரேஷன் கார்டில் ‘க. முருகன்’, பானில் ‘முருகன் கலியபெருமாள்’, வங்கியில் ‘முருகன் கே’. பானில் உள்ளபடியே கொடுங்கள். கடன் வாங்கியபோது கொடுத்த மொபைல் எண் இப்போது இல்லையென்றால், முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள். யாராவது உங்கள் அறிக்கையை எடுத்தால் வரவேண்டிய எஸ்எம்எஸ்ஸும் சரியான எண் இருந்தால்தான் வரும்.

பிரவுசிங் சென்டரில் எடுப்பதானால் உங்கள் மொபைல், உங்கள் மின்னஞ்சல் என்று அடித்துச் சொல்லுங்கள். கடைக்காரருக்குக் கொடுப்பது அவர் வேலைக்கான கூலி மட்டும். பிடிஎஃப்பை அச்சடித்த பிறகு கணினியிலிருந்து அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

எதைப் படிப்பது

ஸ்கோர் பக்கத்தைத் தாண்டுங்கள். கடன் கணக்குகள் வரும் பகுதிதான் முக்கியம்; ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். மாதவாரியான கட்டங்களில் இருக்கும் எண் தவறிய நாள். 000 என்றால் சரி. 030, 060 என்று இருந்தால் அத்தனை நாள் பாக்கி.

முடித்த கடன் ‘குளோஸ்டு’ என்று இருக்க வேண்டும். ‘செட்டில்டு’ என்றிருந்தால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியதாக அர்த்தம். ஒருமுறைத் தீர்வு முகாமில் 80 ஆயிரத்துக்கு 50 கட்டி முடித்தவர்கள் கணக்கு முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். அடுத்த வங்கி அதைக் கறையாகத்தான் பார்க்கும். மீதியைக் கட்டித் தடையின்மைச் சான்று வாங்கி, மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ‘ரிட்டன் ஆஃப்’ அதைவிட மோசம். வங்கி தன் புத்தகத்தில் எழுதித் தள்ளியது என்பதால் உங்கள் கடன் தள்ளுபடி ஆகிவிடவில்லை.

நகைக் கடன் தனிக் கணக்காக வரும். கெடு தாண்டி, பத்து நாள் கழித்து வட்டி கட்டித் திருப்பி வைத்தாலும் அது தாமதமாகப் பதிவாகலாம். அடகுக் கடையில் வைத்தது இதில் தெரியாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனும் இல்லாமல் இருக்கலாம். அதற்காக அதைக் கட்டாமல் விடக் கூடாது. கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை என்ற சலுகை போய்விடும்.

ஜாமீன் கையெழுத்தைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். மைத்துனரின் டிராக்டருக்குப் போட்ட கையெழுத்து உங்கள் அறிக்கையில் ‘கேரன்டர்’ என்று நிற்கும், அவர் தவறினால் உங்களையும் இழுக்கும். மொபைல் கடையில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று வாங்கியதும் ஒரு கடன்தான்.

2018 நவம்பரில் கஜா அடித்தபின் தவணையை மாற்றி அமைத்தவர்கள், அது இயற்கைப் பேரிடருக்காக மாற்றியது என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சும்மா ‘மறுசீரமைப்பு’ என்று மட்டும் இருந்தால் கேட்டு மாற்ற வேண்டியது.

நாகப்பட்டினம் என்று பழைய முகவரி இருந்து, இப்போது நீங்கள் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருந்தால் பதற வேண்டாம். ஊர் இடம் மாறவில்லை, மாவட்டம்தான் 2020-ல் பிரிந்தது. ஆனால் வாங்காத கடன் ஒன்று இருந்தால் அன்றைக்கே இறங்குங்கள். ஒரே பெயர் உள்ள வேறொருவரின் கணக்கு கலந்திருக்கலாம். உங்கள் பான் நகலை வைத்து யாரோ வாங்கியும் இருக்கலாம். மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். இனி நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன்மேலேயே எழுதிக் கொடுங்கள்.

கடன் வரலாறே இல்லாதவருக்கு எண்ணுக்குப் பதில் -1 அல்லது ‘என்ஹெச்’ வரும். அது கெட்ட ஸ்கோர் அல்ல. முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஸ்கோருக்காகவே கிரெடிட் கார்டு வாங்காதீர்கள். வங்கியில் சின்ன நகைக் கடன் வைத்து நாள் தவறாமல் மீட்டாலே பதிவு உருவாகும்.

பிழை இருந்தால்

கடன் கொடுத்த வங்கிக்கும் தகவல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். வங்கி ஒப்புக்கொள்ளாமல் தகவல் நிறுவனம் தானாக மாற்றாது. அதனால் ஒன்றிடம் மட்டும் எழுதினால் இருவரும் மாறி மாறிக் கைகாட்டுவார்கள். சான்று, ரசீது நகல், அறிக்கையில் அந்தக் கணக்கு வரும் பக்கம் மூன்றையும் இணைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. கேட்டால்தான் சிலருக்கு அது நினைவுக்கு வரும், ஆகவே கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அவர் வரம்பில் வருகின்றன.

‘ஐந்தாயிரம் கொடுங்கள், ஸ்கோரை 750 ஆக்கித் தருகிறோம்’ என்று வருபவரும் இதே புகாரைத்தான் உங்கள் பெயரில் போடுவார், அல்லது போடாமலே போய்விடுவார். உண்மையான பாக்கியை எவராலும் அழிக்க முடியாது. ஓடிபி கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.