அம்மாவின் வழக்கு, இருபத்து மூன்றாம் மாதத்தில்

சத்திரசிகிச்சை முடிந்து புதுக்குடியிருப்புக்கு வந்த பிறகும் அம்மாவின் வயிற்றுவலி போகவில்லை. நாலு மாதம் கழித்து வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே துணி இருப்பது தெரிந்தது. இரண்டாவது முறையும் வெட்டித்தான் அதை எடுத்தார்கள்.

முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்தேன். "விசாரணை நடக்குது" என்றார்கள். அதை நம்பி ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். நான் செய்த பெரிய பிழை அதுதான்.

முதல் சத்திரசிகிச்சையிலிருந்து இருபதாம் மாதம் கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணி அம்மாவைப் பார்த்தார். "தம்பி, கடிதம் குடுத்தா காலம் நிற்காது" என்றார். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவுப்படி, நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் போடவேண்டும். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து எண்ணலாமே என்று கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. முதல் சத்திரசிகிச்சை நாளையே கணக்கில் வைத்தார். அதுவே பாதுகாப்பு.

சரி, அப்புறம் ஓட்டம்தான். வைத்தியசாலை விடுதிக் குறிப்புகளின் பிரதி கேட்டு, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தோம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அரச வைத்தியசாலை என்பதால் இன்னொன்றும் இருந்தது: குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவு. முதலில் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்த பிறகே வழக்குப் போடலாம். அந்த மாதத்தையும் கழித்துப் பார்த்தால் கையில் இருந்த நாட்கள் மிகக் குறைவு. இரவில் நித்திரை வரவில்லை.

இருபத்து மூன்றாம் மாதம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். அம்மா தன் கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி வெளி வாங்கில் இருந்தார்.