சீசன் நிறத்துக்கு எந்தக் கல்?

கல் பதிப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் ஒரு படத்தை நீட்டி, "இந்த சீசன்ல இந்தக் கலர்தான் ஓடுது, இதே மாதிரி வேணும்" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "பகல்ல போடப் போறீங்களா, ராத்திரியிலயா? எந்த டிரெஸ்ஸுக்கு?" என்றுதான். ஃபேஷன் நிறத்தைச் சொல்லும். கல்லைச் சொல்லாது.

நிறத்தை அறிய அதிகம் அலைய வேண்டாம். நிறங்களை வகைப்படுத்தும் பான்டோன் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு நிறத்தை முன்கூட்டியே அறிவித்துவிடும். நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் மேடைகளில் அடுத்த ஆண்டின் வசந்த, கோடை உடைகள் செப்டம்பரிலேயே வந்துவிடும். ஓர் ஆண்டின் குளிர்கால உடைகளை அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சிலேயே காட்டிவிடுவார்கள். ஆறு மாதம் கையில் இருக்கிறது. அவசரப்பட்டு யாரும் வாங்க வேண்டியதில்லை.

பான்டோன் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். 2013இல் மரகதப் பச்சை, 2018இல் அல்ட்ரா வயலட், 2023இல் விவா மஜென்டா, 2024இல் பீச் ஃபஸ், 2025இல் மோக்கா மூஸ் என்ற காப்பி நிறம். இதன் பின்னால் விலையுயர்ந்த கல்லோடு ஓடினால் கட்டுப்படியாகாது. நல்லவேளையாக, ஒரே நிறம் பல கற்களில் கிடைக்கிறது. வயலட்டுக்கு டான்சனைட்டும் உண்டு, அமெதிஸ்ட்டும் உண்டு. மஜென்டாவுக்கு மாணிக்கத்தைத் தேட வேண்டாம், ரோடோலைட் கார்னெட் போதும். பீச்சுக்கு மோர்கனைட்டோ பீச் மூன்ஸ்டோனோ, காப்பி நிறத்துக்கு ஸ்மோக்கி குவார்ட்ஸ். சீசன் நிறத்தை விலை குறைந்த குவார்ட்ஸ் (அமெதிஸ்ட்டும் அதில் ஒரு வகைதான்), கார்னெட் வகைகளில் வாங்குங்கள். மாணிக்கம், நீலம், மரகதம் வாங்குவதாக இருந்தால் எந்த சீசனிலும் உங்களுக்குப் பிடித்திருக்கும் நிறத்தில் வாங்குங்கள். நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான்.

அடுத்தது வெளிச்சம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கடையின் ஸ்பாட்லைட்டில் எந்தக் கல்லும் அழகாகத்தான் தெரியும். மஞ்சள் பல்பின் கீழே மாணிக்கம் இன்னும் சிவக்கும், அமெதிஸ்ட்டில் ஊதாவோடு ஒரு செம்மை ஏறும். அதே பல்பில் அடர்ந்த நீலக்கல் கறுத்துப் போகும். பகல் வெளிச்சம் வந்தால்தான் அதற்கு உயிர். அதனால் கல்லை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒருமுறை, விளக்கின் கீழ் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பாருங்கள். முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்துப் பயனில்லை. கையை நீட்டிப் பாருங்கள், மற்றவர்களுக்கு அப்படித்தான் தெரியும். குளிர்காலத்தில் அடர்நிற உடைகள் வரும்போது ரத்தச் சிவப்பு கார்னெட் கேட்பார்கள். அது ரொம்ப அடர்த்தியாக இருந்தால் மாலையில் கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும், ஒரு படி இளசாக எடுங்கள். போட நினைக்கும் உடையின் துணியையும் கையோடு கொண்டுபோங்கள். துணியும் கல்லும் ஒரே நிறமானால் கல் காணாமல் போகும். காப்பி நிற உடைக்கு ஸ்மோக்கி குவார்ட்ஸைவிட இளநீல அக்வாமரின் எடுப்பாக இருக்கும் என்பது என் கணிப்பு.

வெயில் காலத்துக்கு இளநீலம், இளம்பச்சை என்று மனம் போகும். அக்வாமரின், புளூ டோபாஸ், பெரிடாட் மூன்றும் அதற்குப் பொருத்தம். நீலப்பச்சை நிற டர்க்காய்ஸில் கவனம் தேவை. அது நுண்துளைகள் கொண்ட கல், சன்ஸ்கிரீன், எண்ணெய், வியர்வை எல்லாவற்றையும் உறிஞ்சி நிறம் மாறும். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட், சென்ட்டும் வியர்வையும் மேற்பரப்பைக் கெடுக்கும். சென்ட் அடித்து அது காய்ந்த பிறகு கடைசியில் மாட்டுங்கள். அமெதிஸ்ட், குன்சைட் என்ற இளஞ்சிவப்புக் கல் இரண்டையும் நீண்ட நேரம் வெயிலில் விட்டால் வெளுக்கும். மழைக் காலத்துக்கு குளோஸ் செட்டிங், அதாவது கல்லின் பின்புறத்தை மூடிப் பதிப்பது, வேண்டாம் என்பேன். கல்லுக்குப் பின்னால் பளபளப்புத் தாள் வைத்திருந்தால், ஈரம் புகுந்து தாள் கறுத்து, கல்லின் களையே போய்விடும்.

மோதிர அளவும் பருவத்தோடு மாறும். வெயிலில் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். குளிர் நாளில் காலையில் அளவெடுத்துச் செய்த மோதிரம் கோடையில் இறுக்கும். நடுத்தரமான ஒரு நாளின் மாலையில் அளவெடுங்கள்.

கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரையான மோஸ் அளவில் சொல்வோம். சுற்றியுள்ள தூசியிலேயே குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, அதன் கடினம் 7. அதற்குக் கீழே உள்ள ஓப்பல், டர்க்காய்ஸ், மூன்ஸ்டோன் எல்லாம் தினமும் போடும் மோதிரத்தில் கீறல் விழுந்து மங்கும். அவற்றைத் தோட்டில், பெண்டண்டில் வையுங்கள். மாணிக்கமும் நீலமும் 9, ஸ்பினலும் டோபாஸும் 8. மோதிரத்துக்கு இவை தாங்கும். ஆனாலும் டோபாஸ் ஓங்கி இடித்தால் பிளந்துவிடும்.

வாங்கும்போது ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள்? நீலக்கல்லைச் சூடேற்றி நிறம் கூட்டுவதும், மரகதத்தின் விரிசலில் எண்ணெய் ஏற்றுவதும் வழக்கமாக நடப்பவைதான். சொல்லி விற்றால் குறையில்லை. ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வேறு கதை. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி கெடும், நகையைப் பழுது பார்க்கும்போது தீ பட்டாலும் கெடும். பதில் எதுவானாலும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சீசனுக்கு ஒரு நகை மட்டும் வாங்கலாம் என்றால் நான் தோட்டைத்தான் சொல்வேன். முகத்தோடு சேர்ந்து தெரியும், அடிபடாது, சின்னக் கல்லே போதும். ஒரே சங்கிலியும் அதில் மாற்றி மாற்றிப் போடும் பெண்டண்டுகளும் வைத்துக்கொண்டால் இன்னும் செலவு குறையும். போடாத மாதங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள். முத்தை மட்டும் மற்ற கற்களோடு உரச விடாதீர்கள், மறுபடி அணியும் முன் அதைக் கோத்த நூலை இழுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.