மாஸ்க் வாங்கிவிட்டுப் பவர் தேடாதீர்கள்

போன சீசனில் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்குக்குப் படகு கிளம்பும் நேரம். ஒரு தம்பி பையிலிருந்து புத்தம்புது டைவிங் மாஸ்க்கை எடுத்தான். ஒற்றைக் கண்ணாடி, சட்டமில்லாத மாடல், பார்க்கவே அழகு. அவன் முகத்திலோ சோடாபுட்டிக் கண்ணாடி. "அண்ணே, இதுல பவர் போட்டுக்கலாம்ல?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை, பத்து வருஷத்துக்கு முன் இதே கேள்வியை இதே மாதிரி மாஸ்க்கோடு கேட்ட என்மேல்.

மூக்குக் கண்ணாடியோடு மாஸ்க் மாட்டுவது, நீச்சல் காகிளோடு இறங்கப் பார்ப்பது பற்றியெல்லாம் இங்கே பேச வேண்டாம். அதெல்லாம் கூடாதென்று முதல் நாளே யாராவது தலையில் குட்டிச் சொல்லிவிடுவார்கள்.

"சமாளிச்சுக்கலாம்"

தண்ணீருக்குள் மாஸ்க் வழியே பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். அதனால் மைனஸ் 1 உள்ளவர்கள் பலர் பவர் இல்லாமலே ஓட்டிவிடுகிறார்கள். இதைக் காதில் வாங்கிக்கொண்டு மைனஸ் 4 ஆசாமியும் இறங்குவதுதான் வம்பு. எனக்கு மைனஸ் 6. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் முதல் டைவில் நான் பார்த்த மீனெல்லாம் மஞ்சள் பொட்டு, நீலப் பொட்டு. மீன் போகட்டும். எதிரே இருப்பவர் விரலை வளைத்து 'ஓகே' என்கிறாரா, கட்டைவிரலைத் தூக்கி 'மேலே போ' என்கிறாரா என்றே தெரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் ஓகே காட்டிக்கொண்டிருந்தேன்.

மாஸ்க் முதலில், லென்ஸ் பிறகு

என் பணத்தைத் தின்ற தவறு இது. இரண்டு தனித்தனிக் கண்ணாடி உள்ள சில மாடல்களுக்கு, கம்பெனியே பவர் லென்ஸ் தயாராக வைத்திருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. அரை அரைப் புள்ளியாகப் பவர் ஏறும். ஒற்றைக் கண்ணாடி மாஸ்க்கில் அந்த வழி கிடையாது. உள்பக்கம் லென்ஸ் ஒட்டித்தான் ஆக வேண்டும். நான் ஏழாயிரம் கொடுத்து வாங்கியது ஒற்றைக் கண்ணாடி.

அதைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். டைவிங் மாஸ்க்கை அவர் அதுவரை கையில் தொட்டதில்லை. சாதாரண மூக்குக் கண்ணாடி லென்ஸ் இரண்டை வெட்டி, ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார். மூவாயிரம். தப்புகளை எண்ணுங்கள்.

மூக்குக் கண்ணாடி லென்ஸின் முன்பக்கம் வெளியே வளைந்திருக்கும். தட்டையான மாஸ்க் கண்ணாடியில் அது படியாது. இரண்டுக்கும் இடையே ஒரு இடுக்கு விழும். ஒட்டுகிற லென்ஸின் முன்முகம் தட்டையாக இருக்க வேண்டும், முகம் முழுக்கப் பசை பரவ வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் மூக்கால் ஊதிச் சமன் செய்கிறோம். அந்த இடுக்கில் அடைபட்ட காற்றுக்கு யார் ஊதுவது? மூன்றாவது டைவில் வலப்பக்கப் பசை விட்டது. இடுக்குக்குள் தண்ணீர் புகுந்து, மேலே வந்தபின் ஆவியாகப் படிந்து, துடைக்கவும் வழியில்லாமல் போனது.

அதைவிட மோசம் தலைவலி. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே எனக்கு 62 மி.மீ. அவர் அதை அளக்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாஸ்க்கில் பார்வைக்கு நடுவாகத் தெரிந்த இடத்தில் ஒட்டிவிட்டார்; லென்ஸ் மையங்களுக்கு இடையே 72 மி.மீ. கண்ணுக்கு 5 மி.மீ. விலகல். மைனஸ் 6-இல் அது ஒவ்வொரு கண்ணுக்கும் 3 பிரிசம் டயாப்டர் (லென்ஸ் பார்வையை ஒருபக்கமாகத் திருப்பும் அளவு). கண்கள் இரண்டும் வெளிப்பக்கம் விலகிப் பார்க்க வேண்டிவரும். நம் கண்ணுக்கு அந்த வேலை பழக்கமே இல்லை. படகு ஆட்டத்தால்தான் குமட்டுகிறது என்று வாரக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் புதிய கண் சீட்டு, அதில் கண்மணி இடைவெளி. அப்புறம், உங்கள் பவருக்கு லென்ஸ் கிடைக்கிற மாஸ்க் எவை என்ற பட்டியல். அதற்குள் எது முகத்தில் தண்ணீர் விடாமல் உட்காருகிறதோ அது. 'சிலிண்டர்' உள்ளவர்கள் (முதுகில் தூக்குவது இல்லை, சீட்டில் எழுதியிருப்பது; ஒரு திசைக்கு மட்டுமான பவர்) இன்னும் கவனிக்க வேண்டும். தயார் லென்ஸில் சிலிண்டர் பவர் பெரும்பாலும் வராது. சிறிய அளவென்றால் பாதியை மெயின் பவரோடு கூட்டுவார்கள்: மைனஸ் 3.5, சிலிண்டர் மைனஸ் 1 என்றால் மைனஸ் 4. அளவு பெரிதென்றால் சீட்டுப்படி செய்து ஒட்டித் தரும் அனுபவசாலியிடம்தான் போக வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ்

சாஃப்ட் மட்டும். அதிலும் தினம் ஒன்று போட்டுத் தூக்கி எறிகிற வகை. கெட்டி லென்ஸுக்கு அடியில் மேலேறும்போது குமிழி சிக்கும். கடல் தண்ணீர் பட்ட லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அகந்தமீபா என்கிற கிருமி இரண்டிலுமே இருக்கலாம். கருவிழியைப் பிடித்தால் பார்வைக்கே ஆபத்து. மாஸ்க் கழற்றும் பயிற்சிக்கு முன்னால் பயிற்சியாளரிடம் "லென்ஸ் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள்.

லேசிக் செய்த கையோடு

லேசரால் பவரைச் சரிசெய்கிற இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, டைவ் போக ஒரு மாதமாவது பொறுங்கள். டாக்டர் கூடுதலாகச் சொன்னால் அதுதான் கணக்கு.

விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால்

அது முழுதாகக் கரையும்வரை டைவிங் கிடையாது.

லைட்டர்

புது மாஸ்க்கில் பனி படியாமலிருக்க உள்பக்கம் தீ காட்டுவார்கள். லென்ஸ் ஒட்டிய மாஸ்க்கில் அதைச் செய்யாதீர்கள்.

நாற்பதைத் தாண்டியபின்

இங்கே நானே இப்போது புதுமுகம். தூரப் பவர் போட்ட மாஸ்க்கில் பவளம் பளிச்சென்று தெரிகிறது. கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரின் (ஆழமும் நேரமும் காட்டும் கருவி) எண்கள் கலங்குகின்றன. வெள்ளெழுத்து. மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் ஒட்டிக்கொள்ளச் சின்ன பிளஸ் லென்ஸ் கிடைக்கிறது, தண்ணீர் தொட்டு ஒட்டினாலே பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் டைவ் போங்கள். நான் அவசரப்பட்டு ஈரத்தோடு இறங்கியதில் ஒன்று கழன்று மாஸ்க்குக்குள்ளேயே மிதந்தது.

அந்தத் தம்பி அன்று மங்கலாகவே இறங்கினான். மேலே வந்து தன் மூக்குக் கண்ணாடியைத் தேடினான். படகின் பலகையில் வைத்திருந்திருக்கிறான்; அதன்மேல் யாரோ காற்று சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டார்கள். கெட்டி டப்பா ஒன்று பையில் இருக்கட்டும்.