கனடா பி.ஆர்.: அழைப்பு வருமுன் கையில் இருக்க வேண்டியவை

கனடாவில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பெறத் திறன் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் இணைய முறைதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துவிட்டால் முழு விண்ணப்பத்தையும் அனுப்ப 60 நாள்தான். மூன்று கம்பெனிகளுக்கு முன்னால் பார்த்த வேலைக்கு அனுபவக் கடிதம் வாங்கவே அந்த நாள்கள் போதாது. எனவே கீழே உள்ளவற்றை ப்ரொஃபைல் போடும் முன்பே தொடங்குங்கள்.

முதலில் உங்கள் வழி எது என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் வருவார்கள்: கடந்த 10 ஆண்டுகளில் ஒரே தொழிலில் இடைவெளியில்லாத ஓராண்டு அனுபவம் (வாரம் 30 மணி, மொத்தம் 1,560 மணி), நான்கு மொழித் திறன்களிலும் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 7, தகுதிக் கணக்கில் 100க்கு 67. கனடாவிலேயே வேலை பார்ப்பவர்களுக்குக் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்: கடந்த 3 ஆண்டுகளில் ஓராண்டு வேலை. முழுநேரமாகப் படித்துக்கொண்டே பார்த்த வேலை இதில் சேராது. 67 வாங்கினால் வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான். அழைப்பைத் தீர்மானிப்பது, வரிசையில் உள்ளவர்களைத் தரப்படுத்தும் சிஆர்எஸ் மதிப்பெண்.

சிஆர்எஸ்ஸை ஏற்ற மலிவான வழி மொழித் தேர்வுதான். முதுகலைப் பட்டமும் மூன்றாண்டு வெளிநாட்டு அனுபவமும் உள்ள, திருமணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 7, கேட்டலில் 7.5. அந்தக் கேட்டல் 8 ஆனால் நான்கும் சிஎல்பி 9. அரை பேண்டுக்கு நேரடியாக 8 புள்ளி. படிப்பு, அனுபவம் இரண்டோடும் மொழி சேரும்போது கிடைக்கும் புள்ளி தலா 25 கூடி, மொத்தம் 58. மறுபடி தேர்வு எழுதத் தயங்காதீர்கள். தேர்வு முடிவு 2 ஆண்டு, வெளிநாட்டுப் பட்டத்தைக் கனடாப் படிப்போடு ஒப்பிடும் மதிப்பீட்டு அறிக்கை 5 ஆண்டு செல்லும்.

கனடாவின் ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுக்கும் மாகாண நியமனம் கிடைத்தால் சிஆர்எஸ்ஸில் 600 புள்ளி. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த புள்ளியை 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். புள்ளிக்காக அப்படிக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அதிகம் கோட்டை விடுவது அனுபவக் கடிதத்தில். ‘நன்னடத்தையுடன் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் உதவாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார மணிநேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், செய்த பணிகள், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த என்ஓசி (கனடாவின் தொழில் வகைப்பாடு) குறியீட்டின் பணிகளோடு அந்தப் பட்டியல் பொருந்துகிறதா என்றுதான் அதிகாரி பார்ப்பார். பதவிப் பெயர் இரண்டாம்பட்சம். அதற்காக என்ஓசி வாசகத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் சந்தேகம்தான் வரும். எச்.ஆர். தர மறுத்தால் பழைய மேலாளரின் கடிதம், சம்பளச் சீட்டுகள், நியமன ஆணை, வரி ஆவணம் எல்லாவற்றையும் ஒரு விளக்கக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் வருபவர் சேமிப்பும் காட்ட வேண்டும். வங்கிக் கடிதத்தில் கணக்கு தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, 6 மாத சராசரி, நிலுவைக் கடன் எல்லாம் வேண்டும். கடன் வாங்கிய பணம் செல்லாது. போன வாரம் திடீரென்று விழுந்த பெரிய தொகைக்குக் கேள்வி வரும். அப்பா கொடுத்தது என்றால் நன்கொடைப் பத்திரம் வையுங்கள்.

கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த, கனடா தவிர்த்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும். இப்போது வாழும் நாட்டின் சான்று விண்ணப்பிக்கும்போது 6 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால் அதை மட்டும் கடைசியில் வாங்குங்கள். மருத்துவப் பரிசோதனையை 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பத்துக்கு முன்பே, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் முடித்தாக வேண்டும்.

படிவத்தில் பத்தாண்டு வரலாற்றில் ஒரு மாதம்கூட வெற்றாக விடாதீர்கள். வேலையில்லாமல் இருந்தால் அப்படியே எழுதலாம். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் 5 ஆண்டுத் தடை.

மனைவி, கணவர், 22 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உங்களோடு வராவிட்டாலும் பெயரைக் குறிப்பிட்டு, மருத்துவப் பரிசோதனையும் செய்ய வையுங்கள். மறைத்தவரைப் பின்னாளில் குடும்ப ஸ்பான்சரில் அழைக்கும் உரிமை பொதுவாகப் போய்விடும். காத்திருக்கும்போது கல்யாணமோ குழந்தையோ ஆனாலும், கனடாவில் பி.ஆர். ஆகத் தரையிறங்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள்.